தீவு நாடு காலநிலைச் சட்டம் எழுதும்போது: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், மீனவர் சங்கத்தினர், பாசி எடுக்கும் பெண்கள். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. சிக்கல் உள்ள இடத்தில் நின்று பேசியிருக்கிறோம்.

மாலத்தீவு பக்கத்தில் இருக்கிறது, சரி. ஃபிஜி, துவாலு சட்டமெல்லாம் நமக்கு எதற்கு?

ராமேசுவரமே ஒரு தீவு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் கணக்குக்கு 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரை நகர்ந்தால் நிலம் யாருடையது, ஊர் எங்கே போகும், செலவு யார் தலையில் என்ற கேள்விகளைத் தீவு நாடுகள் சட்டமாகவே எழுதிப் பார்த்துவிட்டன. எழுதியதில் தவறும் செய்திருக்கின்றன. அந்தத் தவறுகளும் நமக்குப் பாடம்தான்.

இன்னொன்று, அளவு. துவாலுவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. ராமேசுவரம் நகராட்சி அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன நாட்டில் ஒரு சட்டப்பிரிவு யார் மேசைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். பெரிய நாட்டில் அது கோப்புகளுக்குள் மறைந்துவிடும்.

எந்தெந்த நாடுகளில் இப்படிச் சட்டம் இருக்கிறது?

வனுவாட்டு 2016-இல் வானிலை, நிலவியல் ஆபத்துகள், காலநிலை மாற்றம் மூன்றையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது. மொரீசியஸ் 2020-இல் காலநிலை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. மாலத்தீவின் காலநிலை அவசரநிலைச் சட்டம், ஃபிஜியின் காலநிலை மாற்றச் சட்டம் இரண்டும் 2021-இல் வந்தவை. அதே ஆண்டில் டோங்கா காலநிலை நிதியத்துக்கு மட்டும் தனிச்சட்டம் போட்டது. துவாலு வேறு வழியில் போனது. நிலம் கடலுக்குள் போனாலும் நாடு என்ற நிலை நிரந்தரம் என்று 2023-இல் அரசமைப்பிலேயே எழுதிவிட்டது.

ஒரே ஒரு சட்டத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஃபிஜியுடையதைப் படியுங்கள். நீளமானது, சில இடங்களில் அளவுக்கு மீறி நீளமானது. ஆனால் உமிழ்வு (வெப்பத்தைக் கூட்டும் புகை), இடம்பெயர்ப்பு, கடல், நிறுவனங்கள் வெளியிட வேண்டிய தகவல் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

கொள்கை அறிவிப்பு போதாதா? சட்டம் எதற்கு?

கொள்கையை அமைச்சரவை ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்றச் சட்டமியற்றும் சபைக்கு வர வேண்டும். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: கொள்கை யாருக்கும் அதிகாரமும் தராது, கடமையும் வைக்காது. கரையில் மண் அள்ளுவதை நிறுத்தச் சொல்ல ஓர் அதிகாரிக்கு அதிகாரம் வேண்டும் என்றால் அது சட்டத்திலிருந்துதான் வரும். நீதிமன்றத்தில் நின்று கேட்கவும் ஒரு பிரிவு எண் வேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் தேவை என்றில்லை. பல சமயம் ஏற்கெனவே இருக்கும் மீன்வளச் சட்டத்திலும் கட்டட விதியிலும் நான்கு திருத்தம் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேலையை எங்கே தொடங்க வேண்டும்?

முதல் வேலை எழுதுவது அல்ல, கணக்கெடுப்பது. நிலம், மீன்பிடிப்பு, துறைமுகம், கட்டட அனுமதி, பேரிடர், குடிநீர், அரசு நிதி ஆகிய ஏழு துறைச் சட்டங்களையும் எடுத்து வைத்து ஒரு பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது மூன்று: கரையைப் பற்றி முடிவெடுப்பவர் யார்? அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அவர் சும்மா இருந்தால் என்ன ஆகும்? மூன்றாவது கட்டம் பெரும்பாலும் வெற்றாகவே இருக்கும். புதுச் சட்டத்துக்கு இடம் அங்கேதான்.

அதன்பின் அமைச்சரவை ஒப்புதல். பிறகு வரைவாளருக்கான அறிவுறுத்தல் குறிப்பு. இது சட்டமொழியில் இருக்கக் கூடாது. என்ன நடக்க வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தச் சட்டத்தோடு மோதும் என்பதைச் சாதாரணமாகப் பேசும் மொழியில் 20, 30 பக்கத்தில் சொன்னால் போதும். வரைவு அதற்குப் பிறகு. அடுத்து மக்கள் கருத்து, திருத்தம், மறுபடி அமைச்சரவை, சபை, குழு ஆய்வு, ஒப்புதல், அரசிதழ், கடைசியில் நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்கும் அறிவிக்கை.

அறிவுறுத்தல் குறிப்பைத் தாண்டிக் குதித்து நேரே வரைவுக்குப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சின்ன நாட்டின் சட்டத்துறை அலுவலகத்தில் வரைவாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். வெளிநாட்டு ஆலோசகர் ஆறு வாரத்துக்கு வருவார், வேறு நாட்டுச் சட்டத்தைப் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் இருக்காது.

வேறு நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதுவது தவறா?

பார்ப்பது தவறில்லை, அப்படியே பெயர்த்து வைப்பதுதான் தவறு. பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம் பலருக்கும் முன்மாதிரி. ஐந்தாண்டுக் கார்பன் வரவுசெலவு (ஐந்தாண்டில் இவ்வளவுதான் புகை விடலாம் என்ற வரம்பு), அதைக் கண்காணிக்கச் சுயேச்சையான நிபுணர் குழு என்பது அதன் முதுகெலும்பு. அதை 11,000 பேர் உள்ள நாட்டில் வைத்தால் குழுவில் உட்காரப் பொருளியலாளர், கடலியலாளர், பொறியாளர் என்று யாரைத் தேடுவது? கிடைக்கும் நான்கு பேரும் ஏற்கெனவே அரசுத் துறைச் செயலர்களாக இருப்பார்கள். தம் வேலையைத் தாமே கண்காணிப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் புதுக் குழு வேண்டாம். கணக்குத் தணிக்கைத் தலைவருக்குக் கூடுதல் கடமை கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சபைக்கு அறிக்கை வைக்கச் சொன்னால் போதும். அவர் அலுவலகம் ஏற்கெனவே இருக்கிறது, சுயேச்சையாகவும் இருக்கிறது.

சட்டத்தின் எந்தப் பகுதி மிகவும் முக்கியம்?

எல்லோரும் இலக்கைப் பார்க்கிறார்கள். எந்த ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது விடும் புகையும் உறிஞ்சப்படும் புகையும் சமம், என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். சட்டம் பிழைப்பதும் சாவதும் சொற்பொருள் வரையறையிலும், காலக்கெடுவிலும், பணம் வரும் பிரிவிலும்தான். தமிழில் இதைச் சொல்வது எளிது. வினைமுற்றின் வாலைப் பாருங்கள், ‘-லாம்’ என்று முடிகிறதா, ‘வேண்டும்’ என்று முடிகிறதா?

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். இது இந்தப் பக்கத்துக்காக எழுதியது, எந்த நாட்டுச் சட்டத்திலும் உள்ளதல்ல.

முதல் வரைவு: “கடலோரப் பாதுகாப்புக்கு உரிய நடவடிக்கைகளை அரசு இயன்றவரை மேற்கொள்ளலாம்.”

இதில் ‘அரசு’ என்பது யார்? எந்த அதிகாரி? ‘உரிய’ என்று யார் தீர்மானிப்பது? ‘இயன்றவரை’யும் ‘லாம்’-உம் சேர்ந்துவிட்டால் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் சட்டத்தை மீறியதாகாது.

திருத்திய வரைவு: “இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள், மக்கள் வசிக்கும் ஒவ்வொரு தீவுக்கும் கடலோர ஆபத்து வரைபடம் ஒன்றை நில அளவைத் துறைத் தலைவர் தயாரித்து அரசிதழில் வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிடவில்லை என்றால், காரணத்தையும் புதிய கெடுநாளையும் அடுத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் சபை முன் வைக்க வேண்டும். வரைபடம் வெளியாகும் வரை உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் புதிய நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பதற்கு இத்தடை பொருந்தாது.”

இப்போது பொறுப்பாளர் இருக்கிறார், நாள் இருக்கிறது, தவறினால் என்ன என்பதும் இருக்கிறது. வரைபடம் தாமதமானால் இழப்பு கட்டடம் கட்டக் காத்திருப்பவருக்கு என்பதால், ‘சீக்கிரம் போடுங்கள்’ என்று அவரே போய் நெருக்குவார். பழுதுபார்ப்புக்கு விலக்கு இல்லாவிட்டால் முதல் புயலில் ஓடு பறந்த வீட்டுக்காரர்தான் சட்டத்தை மீறும் முதல் ஆள்.

ஆனாலும் இந்த வரைவில் ஓர் ஓட்டை இருக்கிறது. பவளத்தீவு பல இடங்களில் 150 மீட்டர் அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் 50, 50 போனால் நடுவில் 50 மீட்டர்கூட மிஞ்சாது. பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது? நம் நாட்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2019-லும் இதனால்தான் ஊரகக் கரைக்கு ஓர் அளவு, கரையை ஒட்டிய தீவுக்கு வேறு அளவு. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டிய ஊரகப் பகுதிக்கு 50 மீட்டர், அதற்குக் குறைந்த இடத்துக்கு 200 மீட்டர், கரையை ஒட்டிய தீவுகளுக்கு 20 மீட்டர். சட்டத்தில் அளவை எழுதுவதற்கு முன் மிகக் குறுகிய தீவின் அகலத்தை நாடாவைப் பிடித்து அளந்து பாருங்கள்.

‘உயர் ஓதக் கோடு’ என்றால் கடல் ஏறி நிற்கும் இடம்தானே? அதில் என்ன வரையறை?

எந்த ஆண்டின் கோடு என்பதுதான் கேள்வி. உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையான வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. சின்ன எண்ணாகத் தெரியும். கரையின் சரிவு நூற்றுக்கு ஒன்று என்றால் 10 செ.மீ. உயர்வுக்குத் தண்ணீர் 10 மீட்டர் உள்ளே வரும். அலை அரித்துக்கொண்டு போவது தனிக் கணக்கு. நம் மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சில செ.மீ. வேறுபாடும் இங்கே பளிச்சென்று தெரியும்.

கோட்டை ஒரு வருட வரைபடத்தில் நிலைநிறுத்தினால், கரை நகர்ந்த பிறகு தடை மண்டலமே கடலுக்குள் போய்விடும். நகரும் கோடு என்று வைத்தால், நேற்று வரை பட்டா நிலமாக இருந்தது நாளை தடை மண்டலமாகிவிடும். நடுவழி: கோட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, கூடவே புதுப்பிப்பால் பாதிக்கப்படும் வீடுகளுக்கு என்ன வழி என்பதை அதே பிரிவில் எழுதுவது. இரண்டாவது பாதியை அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வரவே வராது.

கடல் எல்லைக்கும் காலநிலைச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

தீவு நாட்டின் சொத்து நிலத்தைவிடக் கடலில்தான் அதிகம். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையின் தாழ் ஓதக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் ஆள்நிலக் கடல், 200 கடல் மைல் தனிப் பொருளாதார மண்டலம் (அங்கே மீன், கனிம வள உரிமை அந்த நாட்டுக்கே). தன்னந்தனியாக ஒரு சின்னத் தீவு இருந்தாலே அதைச் சுற்றி ஏறத்தாழ 4,31,000 சதுர கி.மீ. கடல் கிடைக்கும். ஆனால் அதே உடன்படிக்கையின் 121-ஆம் பிரிவு, மனிதர் வாழவோ தனக்கெனப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இயலாத வெறும் பாறைக்கு 200 மைல் மண்டலம் கிடையாது என்கிறது. தீவில் குடிநீர் உப்பாகி மக்கள் கிளம்பிவிட்டால் சூரை மீன் உரிமக் கட்டணமும் கிளம்பிவிடுமா என்பதுதான் அந்த நாடுகளின் பயம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, எல்லைப் புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக அறிவித்து, கடல் உயர்ந்தாலும் அவை மாறாது என்று சட்டத்தில் சொல்வது. ஃபிஜி சட்டத்தில் இது இருக்கிறது. பசிபிக் தீவு நாடுகள் 2021 ஆகஸ்டில் சேர்ந்து இதையே பிரகடனமாக வெளியிட்டன. வனுவாட்டு முன்னின்று கேட்ட கேள்விக்குச் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று தந்த ஆலோசனைக் கருத்தும், முறையாக ஒருமுறை வரையறுத்த அடிக்கோடுகளை (கடல் மைல்களை அளக்கத் தொடங்கும் கோடுகளை) கடல்மட்டம் உயர்ந்ததற்காக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது.

நம் பக்கம் இது புரிவது கடினமில்லை. பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் போட்ட இந்திய, இலங்கைக் கடல் எல்லை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளால் ஆனது. அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறினாலும் கோடு மாறுவதில்லை. அந்தக் கோடு நியாயமா என்பது வேறு விவாதம்.

இவர்கள் விடும் புகை கொஞ்சம். பிறகு எதற்கு உமிழ்வு இலக்கு?

சிறு தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்தாலும் உலக உமிழ்வில் ஒரு சதவீதத்தைத் தொடாது. இலக்கு வைப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, டீசல். தீவுக்குத் தீவு டீசல் எந்திரத்தில் மின்சாரம் எடுக்கும் நாட்டுக்கு எண்ணெய் இறக்குமதியே பெரிய செலவு. இரண்டு, பேச்சுவார்த்தை மேசையில் நிற்கும் தகுதி. மாலத்தீவு 2030 நிகர பூஜ்ஜியம் என்றது, ஆனால் வெளிநாட்டு உதவி கிடைத்தால் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைச் சட்டத்திலும் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வராத உதவிக்காகச் சொந்த நீதிமன்றத்தில் சொந்த அரசே பதில் சொல்ல நேரும்.

இதற்கு மேல் இந்தப் பகுதியில் நேரம் செலவிடத் தேவையில்லை.

ஊரையே இடம்பெயர்ப்பதைச் சட்டத்தில் எப்படி எழுதுவது?

ஃபிஜியின் வுனிதொகொலோவா கிராமம் 2014-இல் இடம் மாறியது. ஏறத்தாழ இரண்டு கி.மீ. உள்ளே தள்ளி, தங்கள் இனக்குழுவின் நிலத்திலேயே. அது ஓரளவு ஒழுங்காக முடிந்ததற்கு அந்தக் கடைசித் தகவல்தான் காரணம். ஃபிஜியில் நிலத்தில் பெரும்பகுதி வழக்காற்று உரிமையில் இருப்பது. இன்னொரு குழுவின் நிலத்துக்குப் போக வேண்டியிருந்தால் பேச்சு தலைமுறைக்கும் நீளும். அதன் பிறகுதான் நாடு 2018-இல் இடம்பெயர்ப்பு வழிகாட்டுதலும், 2019-இல் அதற்கான அறக்கட்டளை நிதிச் சட்டமும் கொண்டுவந்தது.

பிரிவில் இருக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். கோரிக்கையை ஊர்தான் எழுப்ப வேண்டும், அதிகாரி அல்ல. ஊர்க்கூட்ட முடிவில் பெண்கள், இளைஞர் எண்ணிக்கை தனியாகப் பதிவாக வேண்டும். புது இடத்தின் உரிமைப் பத்திரம் கைக்கு வரும் வரை பழைய இடத்தின் உரிமை போகக் கூடாது. தண்ணீர், பாதை, பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் வீடு மாற்றம். படகு இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் பழைய கரையில் உள்ள உரிமை தொடர வேண்டும். கல்லறை, கோயில், பள்ளிவாசலுக்குப் போய்வரும் வழியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் அதிகாரிகள் சின்ன விஷயம் என்பார்கள். அவைதான் திட்டத்தைக் கவிழ்க்கும். கடலிலிருந்து தள்ளி வீடு கொடுத்துவிட்டு, படகைப் பார்க்கத் தினமும் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வைத்தால் குடும்பம் மறுபடி கரையில் குடிசை போடும். தனுஷ்கோடியைப் பாருங்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று 1964-க்குப் பிறகு அறிவித்தாயிற்று. மீனவக் குடும்பங்கள் போகவில்லை. போகாதவர்களுக்கு ஊரில் வசதி எதுவும் செய்துதரவும் சட்டத்தில் வழி இல்லாமல் போயிற்று. ‘இங்கே வாழக் கூடாது’ என்பது பாதிப் பிரிவுதான். ‘வேறு எங்கே, என்ன உரிமையோடு’ என்பது மறுபாதி.

இழப்பீடு யாருக்கு? அதை எப்படி எழுதுகிறார்கள்?

இதிலும் வரையறைதான் முதல். ‘மீனவர் என்றால் பதிவு செய்த மீன்பிடிப் படகின் உரிமையாளர் அல்லது அதில் வேலை செய்பவர்’ என்று எழுதிவிட்டால் யார் யார் விடுபடுகிறார்கள் என்று நம் கரையிலேயே எண்ணிப் பாருங்கள். கருவாடு போடுபவர், ஏலக்கூடையில் வாங்கி ஊர் ஊராக விற்பவர், ஐஸ் பெட்டி சுமப்பவர், வலை பின்னுபவர். எல்லோருக்கும் மேலாகப் பாசி எடுக்கும் பெண்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கித் தீவோரப் பாறையில் பாசி பறிப்பவருக்குப் படகு பெரும்பாலும் வாடகை, கடலில் அவர் பெயரில் எந்தக் காகிதமும் இல்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வெப்ப அலையில் பாறை வெளுத்தால் முதலில் வருமானம் போவது அவர்களுக்குத்தான். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

பசிபிக் தீவுகளிலும் இதே கதை. பாறை மேட்டில் சிப்பி, நண்டு பொறுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது, பதிவேட்டில் இருக்காது. அதனால் வரையறையை உரிமத்தின் மேல் கட்டாமல் தொழிலின் மேல் கட்ட வேண்டும்: “கடல், கரை, கழிமுகம் ஆகியவற்றின் உயிர்வளத்தைப் பிடிப்பதை, பொறுக்குவதை, பதப்படுத்துவதை, விற்பதை வாழ்வாதாரமாகக் கொண்டவர்.” நிரூபணமாக ஊர்ச்சபைச் சான்று, கூட்டுறவுச் சங்கப் பதிவு, வியாபாரியின் கொள்முதல் சீட்டு என ஏதாவது ஒன்று போதும் என்றும் சேர்க்க வேண்டும். எல்லாமும் கேட்டால் எதுவும் கிடைக்காது.

பணம் எங்கிருந்து வரும்? நிதியம் எப்படி அமைக்க வேண்டும்?

வரும் வழிகள் பல. ஃபிஜி 2017 முதல் சுற்றுலா போன்ற இனங்களில் சுற்றுச்சூழல், காலநிலைத் தகவமைப்புத் தீர்வை போட்டது. சீசெல்ஸ் 2018-இல் 1.5 கோடி டாலருக்கு நீலப் பத்திரம், அதாவது கடல்வளத் திட்டங்களுக்கான கடன் பத்திரம், வெளியிட்டது. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியம் இருக்கிறது. இழப்பு, சேதத்துக்கான நிதியம் 2022 ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில் முடிவாகி, 2023 துபாய் மாநாட்டில் செயல்வடிவம் பெற்றது.

கிடைப்பதைவிட வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். நிதியத்தைப் பொதுத் தொகுப்புக்குள் ஒரு தலைப்பாக வைத்தால், நிதியாண்டு முடியும்போது செலவாகாத தொகை காலாவதியாகும். கடல் தடுப்பு வேலை பருவமழைக்கு நின்று, இரண்டு நிதியாண்டைத் தொட்டு முடியும் வேலை. பாதியில் பணம் திரும்பிப் போனால் போட்ட கல்லும் கடலுக்குள்தான். எனவே ‘ஆண்டு முடிவில் எஞ்சிய தொகை நிதியத்திலேயே தொடரும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

முழுக்க வெளியே ஓர் அறக்கட்டளையாக வைத்தால் வேறு தொல்லை: சபையின் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு ஆண்டுத் தணிக்கையும், அறிக்கை வராவிட்டால் அடுத்த தவணை நிற்கும் என்ற விதியும் வைக்கலாம். கையெழுத்துப் போடுபவர் இருவர் இருக்க வேண்டும், இருவரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது. புயல் நேரத்துக்கென ஒரு சிறு பங்கை, மூன்று நாளுக்குள் எடுக்கும்படி தனியே ஒதுக்க வேண்டும். கொள்முதல் விதியில் அந்தப் பங்குக்கு மட்டும் விலக்கு இல்லாவிட்டால், தார்ப்பாய் வாங்க ஒப்பந்தப்புள்ளி திறப்பதற்குள் மழை விட்டிருக்கும்.

இன்னொரு நடைமுறைத் தகவல். பசுமைக் காலநிலை நிதியத்தில் நேரடியாகப் பணம் பெற, அங்கீகாரம் பெற்ற உள்நாட்டு நிறுவனம் வேண்டும். இந்தியாவில் நபார்டு அப்படி ஒன்று. சின்ன நாட்டில் அப்படி நிறுவனம் இல்லை என்றால் பன்னாட்டு அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும், அதன் நிர்வாகக் கட்டணம் தனி. எந்த அமைச்சகம் அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் என்பதைச் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், இரண்டு அமைச்சகம் இழுபறி செய்து மூன்று வருடம் வீணாகாது.

மக்கள் கருத்துக் கேட்பு பெயரளவுக்கு நடக்காமல் இருக்க என்ன செய்வது?

நாள் பார்ப்பதில் தொடங்குகிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற முறை இருக்கிறது. இது தெரியாமல் கூட்டம் வைத்தால் ஒரு தரப்பு கடலில் இருக்கும், மறு தரப்பு மட்டும் பேசும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் கிடைப்பார், ஆனால் கூலியாட்கள் பலர் வேறு வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். தீவு நாடுகளில் இதோடு கப்பல் அட்டவணையும் சேரும். வெளித்தீவுக்குக் கப்பல் வாரத்துக்கு ஒன்று என்றால், 14 நாள் அவகாசம் என்பது அங்கே வரைவு போய்ச் சேரவே சரியாகிவிடும். குறைந்தது 60 நாள் வேண்டும்.

வரைவு ஊர்மொழியில் இருக்க வேண்டும், முழுதும் இல்லாவிட்டாலும் நான்கு பக்கச் சுருக்கமாவது. வாயால் சொன்ன கருத்தையும் எழுதிக்கொண்டு, ஏற்றோமா இல்லையா, ஏன் என்று பதில் அட்டவணை வெளியிட வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே வைக்கலாம். அந்த அட்டவணை இல்லாத கூட்டம் டீயும் பிஸ்கட்டும்தான்.

சபை நிறைவேற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. ‘அமைச்சர் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று கடைசியில் ஒரு பிரிவு இருக்கும். அந்த அறிவிக்கை வராவிட்டால் சட்டம் அச்சில் மட்டும் இருக்கும். ‘அறிவிக்கும் நாளில், அல்லது ஒப்புதல் கிடைத்து 12 மாதம் முடியும் நாளில், எது முந்தியதோ அன்று’ என்று எழுதினால் இந்தப் பொறி இல்லை. விதிகள், படிவங்கள், கட்டணப் பட்டியல் ஆகியவற்றின் முதல் வரைவும் சட்டத்தோடு சேர்ந்தே தயாராக வேண்டும். தொடக்கக் கணக்கெடுப்பிலிருந்து நடைமுறை வரை பதினெட்டு மாதத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்பவர் எங்காவது படியைத் தாண்டுகிறார் என்று பொருள்.

தமிழ்நாடு தனியாக இப்படி ஒரு சட்டம் போட முடியுமா?

இந்தியாவில் காலநிலைக்கென்று ஒரே சட்டம் இல்லை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று பிரிந்து கிடக்கிறது. நிலம், தண்ணீர், உள்ளாட்சி, 12 கடல் மைல் வரையான மீன்பிடிப்பு ஆகியவை மாநிலப் பட்டியல். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 அப்படி வந்ததுதான். அந்த வரம்புக்குள் மாநிலம் சட்டம் போடலாம். காலநிலை மாற்ற இயக்கமும் ஆட்சிமன்றக் குழுவும் இங்கே அரசாணை வழியாக வந்தவை. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று, கானமயில் என்ற பறவையின் பாதுகாப்பு தொடர்பான வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்றது. உரிமை கிடைத்துவிட்டது. அதை யார், எந்த நாளுக்குள் செய்து தருவது என்று சொல்லும் சட்டம்தான் பாக்கி.

சட்டம் வரும்வரை ஊராட்சி அளவில் இப்போதே என்ன செய்யலாம்?

முதலில் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் ஊர்த் தாளை எடுங்கள். இணையத்தில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடங்கள். படகு நிறுத்துமிடம், வலை உலர்த்தும் களம், மீன் இறங்குதளம், ஊருணி, கல்லறை, பாசி காயவைக்கும் இடம் இவை வரைபடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். விடுபட்டதைக் கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு படமெடுத்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ‘எங்கள் ஊர்க் கரையைப் பாதுகாக்க வேண்டும்’ என்ற தீர்மானத்தால் பயனில்லை. ‘இணைப்பில் உள்ள 14 இடங்கள் வரைபடத்தில் இல்லை, சேர்க்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் அதற்கு அதிகாரி எழுத்தில் பதில் தந்தாக வேண்டியிருக்கும்.

கூடவே, 2002 உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் இருக்க வேண்டிய மேலாண்மைக் குழு உங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பாசி எடுக்கும் இடங்களையும் பருவங்களையும், எடுப்பவர் எண்ணிக்கையையும் ஏற்றிவையுங்கள். நாளைக்கு இழப்பீட்டுக்குச் சான்று கேட்கும்போது, படகு இல்லாதவரிடம் காட்டுவதற்கு அந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கும்.